முதலில் குழந்தைக்கு வயிறு நிறையட்டும், மகளே

கேள்வி: அம்மா, எனக்கு வயது 26. முதல் பிரசவம், சிசேரியன். பெண் குழந்தை. பிறந்தபோது 2 கிலோ 900 கிராம் இருந்தாள், ஏழாம் நாள் எடை போட்டால் 2 கிலோ 580 தான். மார்பில் போட்டதும் இரண்டு நிமிஷம் சப்பிவிட்டுத் தூங்கிவிடுகிறாள். எனக்குக் காம்பு வெடித்து ரத்தம் வருகிறது. நாளைக்கு மூன்று தடவைதான் ஒன்றுக்குப் போகிறாள். பசும்பாலில் பாதி தண்ணீர் கலந்து கொடு என்கிறார் அத்தை. பவுடர் பால் ஒரு தடவை கொடுத்தாலும் தாய்ப்பால் நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர் சொன்னார். என் பாலிலேயே வளர வேண்டும் என்று நானும் பிடிவாதமாக இருக்கிறேன். இப்போது அவள் அழுவதுகூடக் குறைந்துவிட்டது. என்ன செய்வது?
பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்பு மகளே,

உன் மின்னஞ்சலைப் படித்த உடனேயே, இன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போ என்று உனக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதழ் அச்சாகி வரும்வரை பொறுத்திருக்கக் கூடிய விஷயம் இல்லை இது. இங்கே விரிவாக எழுதுவது, உன்னைப் போலவே ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருக்கும் மற்ற பெண்களுக்காகவும், அவர்களைச் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொல்லும் வீட்டுப் பெரியவர்களுக்காகவும்.

உன் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது எடைகூட இல்லை, "அழுவது குறைந்துவிட்டது" என்ற வரிதான். முப்பது வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான். பால் போதாத பச்சைக் குழந்தை முதலில் கத்தும், அப்புறம் கத்தத் தெம்பில்லாமல் தூங்க ஆரம்பிக்கும். வீட்டில் எல்லோரும் "சமத்துக் குழந்தை, தொந்தரவே இல்லை" என்பார்கள். பிறந்த எந்தக் குழந்தைக்கும் முதல் மூன்று நான்கு நாளில் கொஞ்சம் எடை இறங்கும், நூற்றுக்கு ஏழு வரை இறங்குவது சாதாரணம். பத்தைத் தொட்டால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். நான்கைந்து நாளில் இறக்கம் நின்று ஏற ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். உன் மகள் 320 கிராம் இறங்கியிருக்கிறாள், அது நூற்றுக்குப் பதினொன்று, அதுவும் ஏற வேண்டிய ஏழாம் நாளில். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போக வேண்டும், மலம் கறுப்பு மாறி மஞ்சளாகியிருக்க வேண்டும். இப்படி நீர் வற்றினால் ரத்தத்தில் உப்பு ஏறும், சர்க்கரை இறங்கும், மஞ்சள் காமாலை கூடும். அதனால்தான் பால் விஷயத்தை வீட்டிலேயே சரிசெய்துகொள்கிறேன் என்று உட்காராமல் டாக்டரிடம் போகச் சொன்னேன்.

எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, எட்டு மணி நேரமாகத் துணி நனையாதது, உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது, உடம்பு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது, மஞ்சள் கால்வரை இறங்குவது, வலிப்பு, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, இப்போது அந்த சிஸ்டர் சொன்னதற்கு வருகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிதான் உன்னை இப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறது. மார்பிலிருந்து பால் வெளியே போகப் போகத்தான் சுரக்கும். பவுடர் பாலைக் கொடுத்துவிட்டு மார்பை அப்படியே விட்டால் சுரப்பு குறையத்தான் செய்யும். ஆனால் புட்டிப்பால் கொடுக்கிற ஒவ்வொரு வேளையும் நீ பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டால் உன் உடம்புக்குக் கணக்கு தப்பாது. இன்னொன்று, வயிற்றில் ஏதாவது இருக்கிற குழந்தைதான் தெம்பாகச் சப்பும். பசியில் துவண்ட குழந்தையை மணிக்கணக்காக மார்பில் போட்டு வைத்திருந்தால் அதற்கும் பால் கிடைக்காது, உனக்கும் புண்தான் மிஞ்சும். குழந்தையின் வயிற்றை நிரப்புவதும் உன் பாலைக் காப்பாற்றுவதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை, மகளே. வயிறு முதலில், அவ்வளவுதான்.

எதைக் கொடுப்பது? உன் மார்பிலிருந்து பீய்ச்சி எடுத்த பால்தான் முதலில், அது பத்து மில்லி ஆனாலும் சரி. அது போதாத அளவுக்கு, தாய்ப்பால் வங்கிப் பால் கிடைத்தால் நல்லது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது, இன்று எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உட்பட நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இருக்கிறது. ஆனால் அந்தப் பால் குறைமாதக் குழந்தைகளுக்கும் நோயுற்ற குழந்தைகளுக்கும்தான் முதலில் போகும், போகவும் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாங்கிக் கொடுக்காதே, பாசம் இருந்தாலும் பரிசோதிக்காத பாலில் நோய்த்தொற்று வரலாம். ஆக, நிறையமாதக் குழந்தைக்கு மிச்சத்தை நிரப்ப டாக்டர் எழுதித் தரும் பவுடர் பால்தான் நடைமுறை வழி.

அளவு கேட்டிருப்பாய். ஒரு வாரக் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 150 மில்லி என்பது பொதுவான கணக்கு, பிறந்த எடைக்குத் திரும்பும்வரை பிறந்த எடையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். உன் மகளுக்கு நாளைக்கு 435 மில்லி, ஒன்பது வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 50 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. இது எல்லாப் பாலும் சேர்த்து. இப்போது நீர் வற்றியிருப்பதால் எவ்வளவு வேகமாக ஏற்றுவது என்பதை டாக்டர் சொல்வதுபோல் செய். மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாதே, உள்ளங்காலைத் தேய்த்து, துணியை அவிழ்த்து எழுப்பிக் கொடு.

கலக்குவதில்தான் நிறைய வீடுகளில் தப்பு நடக்கிறது. டின்னில் இருக்கிற பவுடர் கிருமியே இல்லாத பொருள் அல்ல, அபூர்வமாக அதிலிருந்தே பச்சைக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தான தொற்று வருவதுண்டு. அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கக் கூடாது. கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எதுவானாலும் கொதிக்க வைத்து, இறக்கி அரை மணி நேரத்துக்குள், 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் நல்ல சூடாக இருக்கும்போதே கலக்க வேண்டும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்று, பிறகு பவுடர். டின்னோடு வரும் ஸ்கூப்பில் தலை தட்டி அளக்க வேண்டும், குவியலாக அல்ல. நம்மூரில் பெரும்பாலான டின்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்கூப் என்றிருக்கும், இருந்தாலும் உன் டின்னில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துப் பார். கலக்கியதும் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆற வை, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக் கொடு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே. குழந்தை குடித்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிடு, அடுத்த வேளைக்கு வைக்கவே கூடாது. டின் சீக்கிரம் தீர்கிறதே என்று பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிற வீடுகளும் உண்டு. விலை அப்படி, நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணிப் பாலில் குழந்தை மெலிந்துபோகும், ரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்பு வந்து தூக்கி வந்த குழந்தையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பணக் கஷ்டம் என்றால் அதை டாக்டரிடமோ உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாட்டிலை விடப் பாலாடை நல்லது. சங்கு என்று பல வீடுகளில் சொல்கிறோமே, அதேதான். கழுவுவது சுலபம், குழந்தை மார்பையும் மறக்காது. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிப் பத்து நிமிஷம் தண்ணீரில் முழுக வைத்துக் கொதிக்கவிட வேண்டும். குழந்தையைப் படுக்க வைத்து ஊற்றக் கூடாது. தலை கழுத்தோடு நிமிர்ந்து சாய்ந்த மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, சங்கின் மூக்கை உதட்டோரம் வைத்து, சொட்டுச் சொட்டாகச் சாய்க்க வேண்டும், அது விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. பழைய காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று ஊற்றுவார்கள், பால் நுரையீரலுக்குப் போய்விடும். தூங்குகிற குழந்தைக்கு ஊற்றுவதும் அதே ஆபத்துதான்.

உன் அத்தையிடம் இதை நீயே படித்துக் காட்டு. அம்மா, நீங்கள் பேத்தி மேல் உள்ள பாசத்தில் சொல்கிறீர்கள், உங்கள் காலத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் பசும்பாலில் உள்ள புரதத்தையும் உப்பையும் பச்சைக் குழந்தையின் சிறுநீரகம் தாங்காது, இரும்புச்சத்தும் போதாது, குடலில் ரத்தம் கசியவும் செய்யலாம். தண்ணீர் கலந்தால் சத்தும் போய்விடும். ஒரு வயது முடியட்டும், அப்புறம் தாராளமாகக் கொடுக்கலாம். சர்க்கரைத் தண்ணீர், சேனை, உரை மருந்து, கழுதைப்பால், கிரைப் வாட்டர் எதுவும் இப்போது வேண்டாம். தேனை ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது, அதிலிருந்து வரக்கூடிய ஒரு நஞ்சு குழந்தையின் தசைகளை முடக்கிப் போடும்.

இனி உன் மார்புக்கு வருகிறேன். காம்பு வெடித்திருக்கிறது என்றால் பெரும்பாலும் அவள் காம்பை மட்டும் சப்புகிறாள் என்றுதான் அர்த்தம். வாயை ஆவென்று திறக்கும்வரை பொறுத்திருந்து, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி நிறைய உள்ளே போகும்படி அணைக்க வேண்டும். தாடை மார்பில் அழுந்தியிருக்கும், கீழ் உதடு வெளியே மடிந்திருக்கும், விழுங்கும் சத்தம் கேட்கும். சிசேரியன் தையல் வலிக்கும் என்பதால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டோ, குழந்தையை அக்குளுக்கு அடியில் இடுக்கினாற்போல் தலையணை மேல் வைத்துக்கொண்டோ கொடுத்துப் பார். அவளுடைய நாக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல். ரத்தம் கலந்த பாலைக் குடித்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. பாலூட்டியதும் ஒரு சொட்டுப் பாலைக் காம்பில் தடவிக் காற்றில் காயவிடு.

சிசேரியனில் பால் இறங்க ஒன்றிரண்டு நாள் கூடுதலாக ஆவது உண்டு, அதற்கு நீ என்ன செய்வாய்? பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனது, தைராய்டு, நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியது, இப்படிக் காரணங்களும் இருக்கலாம், உன் மகப்பேறு டாக்டரிடம் கேட்டுவிடு. நீ செய்ய வேண்டியது, மார்பில் போட்டபின் மிச்சப் பாலைக் கையாலோ பம்ப்பாலோ எடுப்பது, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, அதில் ஒன்றாவது நடுராத்திரியில். எடுத்த பாலை நம்மூர் வெயிலில் நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடு, ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு நாள். பூண்டு, முருங்கைக்கீரை, சுறாப் புட்டு எல்லாம் சாப்பிடு, நல்ல சாப்பாடுதான், ஆனால் பாலை எடுக்காமல் பூண்டை மட்டும் தின்றால் சுரக்காது. பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று உனக்குக் குடிக்கக்கூடத் தராமல் வைத்திருந்தால் கேட்காதே, தாகம் எடுக்கும்போதெல்லாம் குடி.

மார்பில் போடு, சங்கில் கொடு, பால் எடு, மறுபடி மார்பில் போடு என்று நாள் முழுக்கச் சுற்றுவது உடம்பை உருக்கும் வேலை. சில நாள் செய்யலாம், மாதக்கணக்காக யாராலும் முடியாது. அதனால் சங்கில் கொடுப்பதைக் கணவரிடமும் அத்தையிடமும் விட்டுவிட்டு நீ பால் எடு, தூங்கு. எல்லாம் செய்தும் பாதிப் பால்தான் வருகிறது என்றால் பாதிப் பால் கொடு. சுத்தமாக வரவில்லை என்றால் சரியாகக் கலக்கிய பவுடர் பாலில் அவள் நன்றாகவே வளர்வாள், நீ குறைந்த தாய் ஆகிவிட மாட்டாய். டின்னில் "தாய்ப்பாலே சிறந்தது" என்ற வாசகத்தைப் பார்த்து அழுததாக ஒரு பெண் முன்பு எனக்கு எழுதியிருந்தாள். அந்த வரி 1992-இல் வந்த சட்டத்தால் கம்பெனிகள் கட்டாயமாகப் போட வேண்டியது, விளம்பரமும் இலவச சாம்பிளும் கூடாது என்று சொன்ன அதே சட்டம். அது கம்பெனிக்குப் போட்ட கடிவாளம், உன்மேல் வைத்த குற்றச்சாட்டு இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமில்லாமல் அழுகை வந்தால், குழந்தையைத் தொடவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் கூப்பிட்டுப் பேசு, தமிழிலேயே பேசலாம், இலவசம். உயிரை விட்டுவிடலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதே, அந்த நிமிஷமே வீட்டில் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போ.

நாளை மறுநாள் அதே தராசில், துணி இல்லாமல், மறுபடி எடை போடு. ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வீதம் ஏறியிருந்தால் சரியான பாதையில் போகிறாள். ஏறவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் திரும்பிப் போ. எடை எவ்வளவு என்று எனக்கும் எழுது.