கட்டிக்குள் பாக்டீரியா இருந்தால் எதிர்ப்புச் சக்தி குறையுமா?

பாளையங்கோட்டையில் உங்கள் பெரியம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், கட்டிக்குள் பாக்டீரியா இருந்தால் எதிர்ப்புச் சக்தி கெடுமா, ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கெடுக்கும், ஆனால் எல்லா பாக்டீரியாவும் அல்ல. இவ்வகைக் கட்டிகளில் அடிக்கடி தென்படும் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் நம் வாயில் சாதாரணமாக வாழ்வதுதான். அதன் மேலிருக்கும் ஃபாப்2 என்ற புரதம், நோய் எதிர்ப்பு செல்களான டி செல்கள், இயற்கைக் கொல்லி செல்கள் இரண்டிலும் உள்ள டிஜிட் என்ற ஏற்பியை (செல்லின் மேலிருந்து சைகை வாங்கும் புரதம்) பிடித்துக்கொள்ள, கட்டியைத் தாக்க வந்த செல் அப்படியே அடங்கிவிடுகிறது என்று 2015-இல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் கதை வேறு. உள்ளே புகுந்த பாக்டீரியாவின் புரதத் துண்டுகளைப் புற்றுசெல்லே தன் மேற்பரப்பில் காட்ட, டி செல்கள் அதை அடையாளம் கண்டுகொள்கின்றன.

அப்புறம் ஆன்டிபயாடிக். தயவுசெய்து டவுன் மெடிக்கல் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அழிந்தால் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் இம்யூனோதெரபி சிகிச்சையின் பலன் குறையக்கூடும். புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டே எதையும் செய்யுங்கள்.