புளிச்ச மாவு, நேத்து சாதம், ரெண்டு வெங்காயம்: ராத்திரிக்கு என்ன செய்ய?

மாவைக் கொட்டிடாதீங்க. நாலு நாள் ஃபிரிட்ஜ்ல இருந்ததுன்னு சொல்றீங்க, அது வெறும் புளிப்புதான். பூஞ்சையோ ரோஸ் நிறமோ தெரிஞ்சா மட்டும் வேணாம்.

ரெண்டு கரண்டி அரிசி மாவும் ஒரு கை ரவையும் கலந்து பத்து நிமிஷம் வைங்க, புளிப்பு அடங்கும். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு, இருக்கிற ரெண்டு வெங்காயத்தையும் பொடியா நறுக்கி வதக்கி, சூட்டோட மாவுல கொட்டுங்க. பணியாரக் கல்லு இருந்தா குழிப்பணியாரம் (என் ஓட்டு இதுக்குத்தான்). இல்லேன்னா தடியா ஊத்தாப்பம், மூடி போட்டு, சின்ன தீயில. ஓரம் சிவந்து தானா கல்லை விடும்போது திருப்புங்க. அவசரப்பட்டா பிஞ்சுடும்.

தேங்காய் இல்லைன்னா என்ன, வரமிளகாய், பூண்டு, புளி, உப்பு அரைச்சு மேல நல்லெண்ணெய் விட்டா போதும். சட்னிக்குன்னு கடைக்கு ஓடாதீங்க.

சாதம் எங்க இருந்ததுன்னு நீங்க சொல்லல. ராத்திரி முழுக்க வெளியில சும்மா இருந்ததுன்னா விட்டுடுங்க, அதுல உண்டாகுற நச்சு சூடு பண்ணினாலும் போகாது. ஃபிரிட்ஜ்ல இருந்ததுன்னா நாளைக்கு வைக்காம இன்னிக்கே ஆவி பறக்கச் சூடாக்கி, ஊறுகாய் மசாலா ஒரு ஸ்பூன் போட்டுப் பிசைஞ்சுடுங்க.