ஒன்பதாவது வரியில் இருந்த புறாக்கள்

கேள்வி: மகனுக்கு 16 வயது. புத்தகப் பையிலிருந்து மாவாப் பொட்டலம் (பாக்கும் புகையிலையும் கலந்த போதைத் தூள்) எடுத்தேன். கஞ்சாவும் பாவிக்கிறானோ தெரியாது. 15 வயதுக்குள் கஞ்சா தொட்டால் மனநோய் மூன்று மடங்கு என்று உளவியல் ஆராய்ச்சி சொல்வதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். என் தம்பியும் இப்படித்தான் தொடங்கி இன்று வரை மனநோய்க் குளிசையில் இருக்கிறான். மகனில் கண்ட மாற்றங்களைப் பதினொரு வரிகளில் எழுதியிருக்கிறேன். இவனையும் இழந்துவிடுவேனோ?
— ஒரு தாய், விசுவமடு

பதில்: அம்மா, உங்கள் பதினொரு வரிகளில் எட்டை முதல் வாசிப்பிலேயே வெட்டிவிட்டேன். முகப்பரு, முடி கொட்டுவது, குரல் கரகரப்பது, இரவு ஒரு மணி வரை போன், விடியக் கண் சிவந்திருப்பது, தங்கச்சியோடு சண்டை, சாப்பாட்டுக் கோப்பையோடு அறைக்குள் போவது, கேட்டதற்கு "ம்" என்று மட்டும் சொல்வது. இதெல்லாம் பதினாறு வயது. இதற்கு மருந்தும் இல்லை, வேண்டியதும் இல்லை.

ஒன்பதாவது வரியில்தான் நின்றேன். மூன்று வருசமாக வளர்த்த புறாக்களைக் கூட்டோடு பக்கத்து வீட்டுப் பொடியனுக்குக் கொடுத்துவிட்டான் என்று எழுதி, "பொழுதுபோக்கில் ஆர்வம் குறைஞ்சு போச்சு" என்று நீங்களே காரணமும் போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே போகிற போக்கில் ஒரு வசனம்: "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம் எண்டு பகிடியாச் சொன்னவன்."

ஒரு பிள்ளை தான் உயிராக வைத்திருந்த பொருளை ஆளுக்குக் கொடுத்துவிட்டு, தன்னால் வீட்டுக்குப் பாரம் என்றும் சொன்னால், அதைப் பகிடிக் கணக்கில் எழுத என்னால் முடியாது. சாவைப் பற்றி யோசிக்கும் பிள்ளைகள் இப்படித்தான் ஓரமாகச் சொல்வார்கள். உங்கள் மகன் அப்படித்தான் யோசிக்கிறான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவனிடம் இன்றைக்கே கேட்க வேண்டும். நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

நேராகக் கேளுங்கள். "தம்பி, புறாவைக் குடுத்ததில இருந்து எனக்குப் பயமாக் கிடக்கு. செத்துப்போகோணும் எண்டு நினைக்கிறியோ?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். ஆராய்ந்து பார்த்த இடங்களில் அப்படி நடக்கவில்லை. யாராவது கேட்டார்களே என்று பிள்ளைக்கு மூச்சு வருவதைத்தான் நான் கிளினிக்கில் காண்கிறேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். அதுதான் கஷ்டம், தெரியும். முக்கியமாக எங்கள் வன்னியில் எல்லாத் தாய்தகப்பனும் சொல்லும் அந்த ஒரு வசனத்தைச் சொல்லாதீர்கள்: "முள்ளிவாய்க்காலில நாங்கள் பட்டதை விடவோ உனக்கு?" அது உங்கள் வாயில் உண்மைதான். 2009 இல் நீங்கள் பங்கருக்குள் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வசனத்தோடு பிள்ளையின் கதை முடிந்துவிடும். தன் துன்பத்துக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று விளங்கிக்கொண்டு எழும்பிப் போய்விடுவான்.

அவன் "ஓம்" என்றால், அல்லது பதில் சொல்லாமல் அழுதால், தனியே விடாதீர்கள். அன்றைக்கே கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய், "பிள்ளை சாகிறதைப் பற்றிக் கதைக்கிறான்" என்று முதல் ஆளிடமே சொல்லுங்கள். "தலையிடி" என்று சொல்லி வரிசையில் நிற்க வேண்டாம். இரவு என்றால் 1926, அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். எதையாவது குடித்துவிட்டான், விழுங்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தால் 1990 அம்புலன்ஸ். "இல்லை" என்று சொன்னாலும் இந்தக் கிழமைக்குள் மனநலப் பிரிவில் காட்டத்தான் வேண்டும்.

இனி அந்த மூன்று மடங்கு. வீடியோக்காரர் ஆராய்ச்சியைப் பொய்யாகச் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73 இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை உளவியலாளர்கள் வருசக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். 15 வயதுக்குள் கஞ்சா பாவித்தவர்களில் 10 வீதமானோருக்கு 26 வயதில் மனச்சிதைவு வகை நோய் இருந்தது. மற்றவர்களில் 3 வீதம். மூன்று மடங்கு வந்தது இப்படி. அந்த 10 வீதம் எத்தனை பேர் தெரியுமா? பாவித்தவர்கள் 29 பேர். நோய் வந்தவர்கள் மூன்று பேர். அதோடு, 11 வயதிலேயே சில பிள்ளைகளிடம் அறிகுறிகள் இருந்ததைக் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் சுருங்கி, புள்ளிவிபரப்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டது. முதலில் வந்தது நோயா கஞ்சாவா என்று பார்க்கப் பிள்ளையைச் சின்ன வயதிலிருந்தே பின்தொடர வேண்டும். நித்திரை வராத, மனம் சரியில்லாத பிள்ளைதான் பல இடங்களில் போதையைத் தேடிப் போகிறது.

கஞ்சா நல்லது என்று வாசித்துவிடாதீர்கள். தாய்மாமனுக்கு அந்த நோய் இருக்கும் வீட்டில் கஞ்சா கிட்டவே வரக்கூடாது, அதை மகனுக்கும் சொல்லுங்கள். ஆனால் காதுக்குள் குரல் கேட்பது, சோற்றில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்பது, எல்லாரும் தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்பது, இதில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. உங்கள் தம்பியின் நோயை இவன் தலையில் இப்போதே ஏற்றாதீர்கள்.

மாவா பத்தாவது வரி. அதை இந்தக் கிழமை விட்டுவிடுங்கள். பாக்கு புற்றுநோய் தரும் என்பதில் சந்தேகமில்லை, வாயின் உட்தோல் இறுகி வாய் திறக்க முடியாமலும் போகும். அதற்குப் பல் வைத்தியர் இருக்கிறார், அடுத்த மாதம் காட்டலாம். இப்போது பையைக் கிளறி, பொட்டலத்தை மேசையில் போட்டு, தகப்பனையும் கூப்பிட்டு விசாரணை வைத்தால், அவன் உங்களிடம் கதைக்கும் கடைசிக் கதவையும் சாத்திவிடுவான்.

எண்ணிக்கைகளில் உங்களுக்கு நம்பிக்கை என்றால் நான் ஒன்று தருகிறேன். இலங்கையில் 1995 இல் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் அளவில் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிகக் கூடிய நாடுகளில் ஒன்றாக இருந்தோம். அடுத்த இருபது வருசத்தில் அது 70 வீதமளவில் குறைந்தது. அந்த இருபது வருசத்தில் இந்த நாட்டுக்குக் கவலை குறைந்ததா? போர், சுனாமி, மறுபடி போர். குறைந்ததற்குப் பெரிய காரணம், நஞ்சு கூடிய விவசாய மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தது. குடித்தவர்கள் தொடர்ந்தும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், ஆனால் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். இலங்கைக் கிராமங்களில் அப்படிப் பிழைத்தவர்களை விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் அரை மணித்தியாலம்கூட யோசித்திருக்கவில்லை. கைக்கு எட்டியதை எடுத்திருந்தார்கள்.

நீங்கள் வயல் செய்கிற ஆட்கள். போன போகத்தில் மிஞ்சிய மருந்து எங்கே இருக்கிறது? நான் போய்ப் பார்த்த வீடுகளில் பத்திக்குள், உமி மூட்டைக்குப் பின்னால், சிலவேளை கட்டிலுக்குக் கீழே. இன்று பின்னேரத்துக்குள் அது உங்கள் வளவை விட்டுப் போக வேண்டும். உங்கள் தமையன் வீட்டிலோ, பூட்டுப் போட்ட ஒரு இடத்திலோ, திறப்பு மகனுக்குத் தெரியாத இடத்தில். அந்த அரை மணித்தியாலம் கடந்தாலே பல பிள்ளைகள் கடந்துவிடுகிறார்கள்.

கடைசியாகப் பதினோராவது வரி. அது மகனின் மாற்றம் இல்லை, நீங்கள் செய்த வேலை. "அம்மம்மாவின் நித்திரைக் குளிசையில் பாதியை இரண்டு மூன்று நாள் அவனுக்குத் தெரியாமல் தேத்தண்ணியில் கரைச்சுக் குடுத்தனான், ஆள் அமைதியா இருந்தவன்." அமைதியாகத்தான் இருப்பான் அம்மா, மயக்கத்தில் இருப்பவன் சத்தம் போட மாட்டான். அவன் வெளியில் வேறு போதைக் குளிசையோ சாராயமோ எடுத்திருந்தால், இரண்டும் சேர்ந்து மூச்சை அடக்கியிருக்கலாம். ஒருவருக்கு எழுதிய குளிசையை இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கத்தை எங்கள் சனம் எப்போது விடப்போகிறதோ தெரியவில்லை. இனிமேல் ஒரு துண்டும் கொடுக்காதீர்கள்.

அம்மம்மாவின் குளிசைகளும் மருந்துப் போத்தலோடு சேர்ந்து பூட்டுக்குள் போகட்டும். அதற்கு முன் பட்டையை வெளிச்சத்தில் பிடித்து எண்ணுங்கள். அம்மம்மா எடுத்தது எத்தனை, நீங்கள் எடுத்தது எத்தனை, கணக்கில் இல்லாமல் குறைவது எத்தனை? ஒன்றாவது இடித்தால் மனநலப் பிரிவுக்குக் கிழமைக் கடைசி வரை காத்திருக்காமல், அவனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பட்டையோடு இன்றே வெளிக்கிடுங்கள்.