மெழுகும் தங்கமும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எத்தியோப்பிய இலக்கியம் பற்றிய தங்கள் குறிப்பை வாசித்தபின் ஸெரா யாக்கோபின் 'ஹதாதா' என்ற தத்துவ நூலைத் தேடிப் படித்தேன். பதினேழாம் நூற்றாண்டிலேயே எல்லா மதங்களையும் அறிவின் துணையோடு விசாரித்த ஒருவரைக் கண்ட வியப்பு அடங்குமுன்பே, அது ஓர் இத்தாலியத் துறவி எழுதிய போலி என்று வேறொரு கட்டுரையில் கண்டு சோர்ந்துபோனேன். அதுவும் இல்லையென்றால், எத்தியோப்பியர்களின் வாழ்க்கைத் தத்துவம் என்று எஞ்சுவது பழமொழிகள் மட்டும்தானா?

கே.

அன்புள்ள கே.,

ஒரு தேசத்தின் சிந்தனை முழுவதையும் ஒரே நூலின் மேல் ஏற்றிவைத்ததால் வந்த சோர்வு இது. ஹதாதாவின் படியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஜுஸ்தோ தா உர்பினோ என்ற துறவியே அதை எழுதினார் என்று 1920-இல் இத்தாலிய ஆய்வாளர் கொந்தி ரொஸ்ஸினி வாதிட்டார். அடிஸ் அபாபாவில் நெடுங்காலம் கற்பித்த கிளாட் சம்னர் அதை மறுத்தார். வழக்கு இன்னும் முடியவில்லை. என்னை அந்நூலில் நிறுத்திவைப்பது அதன் தர்க்கத்தைவிட ஒரு சிறு காட்சி. சூசன்யோஸ் மன்னர் கத்தோலிக்கத்தைத் திணித்த காலத்தில், கொஞ்சம் பொன்னையும் விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு தப்பியோடி இரண்டு ஆண்டுகள் குகையில் ஒளிந்திருந்த ஸெரா யாக்கோபு, பின்னர் ஒரு செல்வரின் வீட்டுப் பணிப்பெண்ணான ஹிருத்தை மணக்க விரும்புகிறார். இனி அவள் உன் பணிப்பெண் என்கிறார் செல்வர். பணிப்பெண்ணாக வேண்டாம், மனைவியாகவே வேண்டும், மணவாழ்வில் இருவரும் சமம் என்கிறார் இவர்.

உங்கள் கேள்விக்கான முதன்மையான விடை, என் பார்வையில், 'செம்னா வெர்க்' என்ற சொல்லில் இருக்கிறது. மெழுகும் தங்கமும் என்று பொருள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அது இருந்த இடத்தில் பொன்னை வார்க்கும் பொற்கொல்லரின் முறையிலிருந்து வந்த பெயர் அது. திருச்சபைப் பள்ளிகளில் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் பயிலும் 'கினே' கவிதையில், மேலே தெரியும் பொருள் மெழுகு, உள்ளே இருப்பது தங்கம். நாம் சிலேடை என்போம்; ஆனால் நம் சிலேடையில் இரண்டு பொருளும் அவையில் ஒன்றாக நின்று கைதட்டல் பெறும், அங்கே இரண்டாவது பொருள் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எத்தியோப்பிய மொழியான அம்ஹாரிக்கில் புகழ்பெற்ற ஓர் ஈரடியைப் பாருங்கள். தல்லா என்ற வாற்கோதுமை மதுவால் என்ன பயன், தேஜ் என்ற தேன்மதுவால் என்ன பயன், பகைவனை வழியனுப்பும்போது காப்பி கொடு என்கிறது மெழுகு. 'புனா' என்றால் காப்பி. அதையே சற்று வேறுவிதமாகக் கேட்டால், பகைவனைச் சாம்பலாக்கு என்றாகிவிடும். அரசவையும் திருச்சபையும் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சமூகத்தில், உண்மையைச் சொல்லவும் வேண்டும், உயிரோடு இருக்கவும் வேண்டும் என்ற இரட்டைத் தேவையிலிருந்து பிறந்த வாழ்க்கைப் பார்வையாகவே இதை நான் காண்கிறேன்.

அந்த மெழுகை வேண்டாம் என்று தள்ளியவன் என்ன ஆவான் என்பதை எத்தியோப்பிய எழுத்தாளர் ஹத்திஸ் அலெமாயெஹு 1960களில் எழுதிய 'ஃபிக்ர் எஸ்கெ மெகாபிர்' (கல்லறைவரை காதல்) நாவலில் காணலாம். நேர்த்திக்கடனாகத் தேவாலயத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட பெஸாபிஹ், தான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிரபுவின் மகள் செப்லெ வொங்கேலைக் காதலிக்கிறான். நேர்ச்சை ஒரு பக்கமும் குலப்பெருமை மறுபக்கமுமாக அவர்களை நசுக்குகின்றன. ஆனால் அந்நாவலின் உயிர் குது காஸா என்ற மனிதர்தான். குலத்தையும் பட்டத்தையும் அவர் நேர்ப்பொருளிலேயே, எதையும் மறைக்காமல் கேள்வி கேட்கிறார்; அதனால் கிறுக்கர் என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொள்கிறது. அப்பெயரே அவருக்குக் காப்பும் ஆகிறது. கிறுக்கன் பேச்சுக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்? பின்னாளில் நடிகர் வொகாயெஹு நிகாத்து இந்நாவலை வானொலியில் வாசித்தபோது, அந்தக் கிறுக்கரின் குரல் எழுத்தறியாதவர்களின் வீடுகளுக்குள்ளும் சென்று சேர்ந்தது.