பல்பு போட்டும் குளிர்காலத்தில் கோழிக்குஞ்சுகள் சாகின்றனவே, என்ன செய்யலாம்?

அட்டைப்பெட்டியில் பல்பு எரிகிறது, காற்று புகாமல் நாலாபக்கமும் மூடியாகிவிட்டது, அப்படியும் காலையில் ஒன்றிரண்டு குஞ்சுகள் செத்துக் கிடக்கின்றன என்கிறீர்கள். முதலில் அது என்ன பல்பு என்று பாருங்கள். எல்இடி என்றால் வெளிச்சம்தான் கிடைக்கும், குஞ்சுக்குப் போதுமான சூடு வராது. பழைய குண்டு பல்போ, இதற்கென்றே விற்கும் அகச்சிவப்பு பல்போ வேண்டும்.

புதிதாகப் பொரிந்த குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. மென்தூவி போய் இறகு மூடுகிற வரை, கிட்டத்தட்ட நாலைந்து வாரம், நாம்தான் சூடு கொடுக்க வேண்டும். முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து 21 டிகிரி வரை இறக்கலாம். பல்பைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினாலே சூடு குறைந்துவிடும்.

வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் நான் அதைவிடக் குஞ்சுகளைத்தான் நம்புவேன். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தினால் குளிர்கிறது. ஓரத்துக்குப் போய் இறக்கையைத் தாழ்த்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்தும் கொத்தித் தின்றும் திரிந்தால் கவலையில்லை. விடியலுக்கு முன் ஒரு தடவை எழுந்து போய்ப் பாருங்கள். குளிர் கடுமையாகும் அந்த நேரத்தில்தான் குஞ்சுகள் மூலையில் நெருக்கியடிக்கும், அடியில் சிக்கியவை மூச்சுத் திணறிச் சாகும். காலையில் தட்டையாக நசுங்கிக் கிடந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம், மருந்தால் தீராது. தகடையோ அட்டையையோ வட்டமாக வளைத்து வைத்தால் நெருக்கியடிக்க மூலையே இருக்காது. நடுவில் சூடும் ஓரத்தில் சற்றுக் குளிர்ச்சியுமாக இருந்தால் குஞ்சு வேண்டிய இடத்தைத் தேடிக்கொள்ளும்.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது அந்த ‘நாலாபக்கமும் மூடியாகிவிட்டது’தான். தயவுசெய்து திறந்துவிடுங்கள். குஞ்சுகளின் மூச்சிலும் எச்சத்திலும் இருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும். அது வெளியேறாவிட்டால் கீழே பரப்பிய கூளம் நசநசத்து அம்மோனியா நெடி கிளம்பும், கண்ணும் மூச்சுக்குழாயும் கெடும். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியும் ஈரக் கூளத்தில்தான் செழிக்கும். நெடி இருக்கிறதா என்று நின்றபடி பார்த்துப் பயனில்லை. குனிந்து குஞ்சின் தலை உயரத்தில் மோந்து பாருங்கள், நாள் முழுக்க அவை இழுப்பது அந்தக் காற்றைத்தான். குஞ்சின் மேல் காற்று நேராக அடிக்காதபடி கீழ்ப்பக்கத்தை மட்டும் மறைத்து, மேலே ஒரு சாணாவது திறந்து வையுங்கள். சூடான ஈரக்காற்று தானாக மேலே போய்விடும்.

கீழே உமியோ மரச்சீவலோ இரண்டு, மூன்று அங்குலம் போடுங்கள். வெறும் செய்தித்தாள் வேண்டாம், கால் வழுக்கி அகன்றுவிடும். தண்ணீர் வைக்கும் இடத்தைச் சுற்றி நனைந்த கூளத்தைத் தினமும் அள்ளி வெளியே கொட்டுங்கள். குடிக்க வைக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குஞ்சு வந்த அன்று இரவு கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிரம்பி மெத்தென்று இருந்தால் தின்று குடித்திருக்கிறது. காலியாக இருந்தால் குளிரில் ஒடுங்கித் தீவனத்துக்கே வரவில்லை என்று கொள்ளலாம்.

மின்சாரம் போனால் மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டவே மூட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் ஆளையும் கொல்லும். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் குஞ்சுகள் அவற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். பல்பைக் கம்பியாலோ சங்கிலியாலோ கட்டுங்கள். ஒயரிலேயே தொங்கவிட்டால் அறுந்து கூளத்தில் விழுந்து தீப்பிடிக்கும்.

இன்னொன்று, குளிர் பட்ட குஞ்சுகளுக்குப் பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்துக்கொள்வதுண்டு. பிய்த்து எடுத்தால் தோல் கிழியும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே கூட்டத்தில் விடுங்கள்.