கொலை செய்தவரிடம் மைக் நீட்டலாமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதுரையில் நாலு பேர் சேர்ந்து சொல்லிசை (ராப்) யூடியூப் சேனல் நடத்துகிறோம். இதுவரை பாடுகிறவர்கள், பீட் போடுகிறவர்கள் பேட்டிதான். இப்போது கொலை வழக்கில் உள்ளே போய் ஜாமீனில் வந்திருக்கும் ஒருவர், ‘சம்பவத்தை முழுசா சொல்றேன்’ என்கிறார். அமெரிக்க ராப் சேனல்கள் செய்வதுதானே? நாங்கள் எடுத்தால் என்ன தப்பு?
– வாசகர், செல்லூர்

பதில்: பேட்டி எடுப்பதில் தப்பில்லை. ‘முழுசா சொல்றேன்’ என்கிறாரே, வில்லங்கம் அங்கேதான்.

நீங்கள் சொல்லும் அமெரிக்காவையே பார்ப்போம். ராப் பாடகர் டூபாக் ஷகூர் 1996 செப்டம்பர் 7 அன்று லாஸ் வேகாஸில் சுடப்பட்டு 13ஆம் தேதி இறந்தார். 27 வருஷம் அந்த வழக்கில் ஒருவர்மீதும் குற்றச்சாட்டு பதியவில்லை. 2023 செப்டம்பர் 29 அன்று கைதானவர், கீஃப் டி என்கிற டுவேன் டேவிஸ். சுட்ட காருக்குள் தானும் இருந்ததாக 2018இல் ஒரு டிவி ஆவணப்படத்தில் சொன்னார், 2019இல் புத்தகமாகவே எழுதினார், யூடியூப் பேட்டிகளிலும் பேசினார். அதற்கு முன்பு போலீஸ் விசாரணையில் பேசியதற்கு, அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்ற உடன்பாடு இருந்ததாகச் சொன்னார். மைக் முன்னால் பேசியதற்கு அப்படி எந்தக் காப்பும் கிடையாது. அரசுத் தரப்பு அந்தப் பேச்சையெல்லாம் அவருக்கு எதிராக எடுத்து வைத்தது. அவர் குற்றத்தை மறுத்தார். காசுக்காகக் கூட்டிச் சொன்ன கதை அது என்றது அவர் தரப்பு. பேட்டி எடுத்தவர்கள் இப்போது எதை நம்புவார்கள்? சொன்னது நிஜமென்றால் ஆள் மாட்டிக்கொண்டதில் அவர்களுக்கும் பங்கு. புளுகு என்றால், செத்தவர் பெயரில் புளுகை விற்றிருக்கிறார்கள்.

உங்கள் ஆள் ஜாமீனில் இருக்கிறார், வழக்கு நடக்கிறது. ஆகவே கேமராவை எடுக்கும் முன் காகிதத்தை எடுங்கள். வழக்கை அடையாளம் காட்டும் சி.என்.ஆர். எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், 16 எழுத்து-எண் கொண்டது. நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு என்பது காசில்லாமல் தெரியும். ஜாமீன் உத்தரவின் நகலை அவரிடமே கேளுங்கள். சாட்சிகளைக் கலைக்கக் கூடாது என்று அதில் நிபந்தனை இருக்கும். உங்கள் பேட்டியில் ஒரு சாட்சியை அவர் ‘பொய் சொல்றான்’ என்று பெயர் சொல்லித் திட்டினால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்க அதுவே போதும். அந்தச் சாட்சிக்கு வரப்போகும் ஆபத்து தனிக் கணக்கு.

இன்னொன்று, நம் பக்கத்தில் இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நிபந்தனை ஜாமீனில் இருப்பவர் பெரும்பாலும் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். கையெழுத்துப் போட வரும் வழியிலும் கோர்ட் வாசலிலும் காத்திருந்து பழி தீர்ப்பது தென்மாவட்டங்களில் புதிதில்லை. ‘காலையில பத்தரைக்குக் கையெழுத்து, அப்புறம் நேரா டீக்கடை’ என்று அவர் சாதாரணமாகச் சொல்வதை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். எதிர்த்தரப்புக்கு நீங்களே நேரமும் இடமும் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வீட்டு வாசல், தெருப் பெயர்ப் பலகை, வண்டி நம்பர், பின்னால் தெரியும் கோயில் வளைவு எதுவும் பிரேமில் வேண்டாம். செத்தவரின் நினைவு நாளையொட்டி வெளியிடவும் வேண்டாம்.

படப்பிடிப்புக்கு முன்னாலேயே அவர் வக்கீல் தெரிந்திருக்க வேண்டும். ‘வக்கீலுக்குத் தெரியாம பேசுறேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: பேசும்போது போலீசுக்குத் தெரியாத இன்னொரு கொலையையும் சொல்லிவிட்டால்?
– அதே வாசகர்

பதில்: பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற விசாரணை முறைச் சட்டம்) 33ஆம் பிரிவின்படி, கொலை நடந்ததோ நடக்கப்போவதோ தெரிந்தவர் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட நியாயமான காரணம் இருந்தால் அதை நிரூபிப்பதும் அவர் பாடு. வேண்டுமென்றே மறைத்தால் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 239படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நாங்க மீடியா’ என்று சொல்லித் தப்ப முடியாது. இதை அவரிடம் மைக் மாட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்: ‘அண்ணே, வழக்கில் இல்லாத கொலையைச் சொன்னால் நாங்கள் போய்ச் சொல்லியாக வேண்டும்.’ நம்பிப் பேச வைத்துவிட்டு அப்புறம் ஓடிப்போய்ச் சொல்வது இரண்டு பக்கமும் துரோகம்.

தலைமறைவாக இருப்பவர் பேட்டி தருகிறேன் என்றால் பேச்சே வேண்டாம். 2015இல் கோகுல்ராஜ் ஆணவக் கொலை வழக்கில் தேடப்பட்ட முதல் குற்றவாளி, ஒளிந்திருந்தபடியே வாட்ஸ்அப் ஆடியோ வெளியிட்டார், டிவிக்கும் பேசினார். கொலை ஒரு பக்கம் கிடக்க, போலீசுக்குத் தண்ணி காட்டும் ‘கெத்து’தான் ஒரு கூட்டத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது. வழக்கு மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு வந்து 2022 மார்ச்சில் அவருக்கு ஆயுள் தண்டனை ஆனது. பேட்டிக்காக அப்படிப்பட்ட ஆளுக்கு ரூம் போடுவது, வண்டி அனுப்புவது, சிம் வாங்கிக் கொடுப்பது எல்லாம் அடைக்கலம் கொடுத்த வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும்.

கேள்வி: எடிட்டிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்? என்ன கேட்கலாம்?
– வீடியோ எடிட்டர், திருமங்கலம்

பதில்: முதலில் ‘சம்பவம்’, ‘செய்கை’, ‘போட்டுத் தள்ளுறது’ மூன்றையும் உங்கள் வாயிலிருந்து எடுங்கள். அவர் சொன்னால் சொல்லட்டும், நீங்கள் ‘கொலை’ என்றே கேளுங்கள். ‘அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்?’ என்று கேட்டால் நெஞ்சு நிமிர்கிறது. ‘அந்தக் கொலைக்கு அப்புறம் உங்கள் அம்மா உங்களிடம் பேசினாரா?’ என்று கேட்டால் கை மடியில் இறங்குகிறது. வார்த்தைதான் உட்காரும் விதத்தையே மாற்றுகிறது.

டைம்லைனில் ஓர் இடம் வரும். அவர் ‘அன்னைக்கு நைட்டு…’ என்று ஆரம்பித்து நிறுத்துவார், எச்சில் விழுங்குவார். எடிட்டருக்குக் கை அரிக்கும்: அங்கே ஒரு பேஸ் டிராப் (திடீரென அதிரும் இசை), சிவப்பு லைட், ஸ்லோ மோஷன். அந்தச் சில நொடிதான் மறுநாள் வெட்டப்பட்டு, மேலே சாதிப் பாட்டு ஏற்றப்பட்டு, ஸ்டேட்டஸ் ஸ்டேட்டஸாக ஊரைச் சுற்றும். அந்த மௌனத்தை மியூசிக் இல்லாமல் விடுங்கள். வெட்டி எடுக்க வாகான வசனமாக எதையும் முடிக்காதீர்கள்; அவர் பதிலின் மேலேயே உங்கள் அடுத்த கேள்வி ஏறட்டும். கையில் கட்டிய கலர் கயிறு, பச்சை குத்தியது, சட்டைப் பையில் தலைவர் படம் எல்லாம் பிரேமுக்கு வெளியே. தம்ப்நெயிலில் அரிவாள் போட்டால் பேட்டி முழுக்கப் பொறுப்பாகச் செய்ததும் வீண்.

எத்தனை வெட்டு, எந்த இடத்தில், எப்படித் திட்டம் போட்டது என்பதெல்லாம் பாடம் நடத்துவது. அதை விட்டுவிட்டு, பணம் யார் கொடுத்தது, ஆயுதம் கைக்கு வரும் வரை யார் தடுத்தார்கள், உள்ளே இருந்தபோது வீட்டை யார் பார்த்துக்கொண்டது என்று கேளுங்கள். வேறு யாரையாவது குற்றவாளி என்று பெயர் சொன்னால் பீப் போடுங்கள். அவதூறு வழக்கு அவரோடு உங்கள்மீதும் வரும். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்கதையை நக்கீரன் இதழ் வெளியிட இருந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்ன வரம்பு இன்றைக்கும் பயன்படும்: பொது ஆவணத்தில் இருப்பதை ஒருவர் சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம், அதைத் தாண்டினால் அந்தரங்கத்தில் நுழைந்த பொறுப்பு வெளியிட்டவருடையது.

கேள்வி: செத்தவர் வீட்டில் அனுமதி கேட்க வேண்டுமா?
– வாசகி, மேலூர்

பதில்: சட்டப்படி வேண்டியதில்லை. ஆனால் சொல்லியாக வேண்டும், அதுவும் டிரெய்லர் வருவதற்கு முன். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பி, கொன்றவன் முகத்தை அந்த வீட்டுப் பிள்ளை போனில் முதலில் பார்க்கும் நிலை வரக் கூடாது. அவர்கள் வக்கீல் வழியாகவோ பெரியவர் ஒருவர் வழியாகவோ நேரில் சொல்லி, ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். பதில் பேச விரும்பினால் அதே வீடியோவில், அதே நீளத்துக்கு இடம். ‘தனி எபிசோடு போடுறோம்’ என்பது ஏமாற்று. அதை யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் ஊர்ப் பக்கம் இது இன்னும் கூர்மையான விஷயம். மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்டோர் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்ட வழக்கில், ஆயுள் தண்டனைக் கைதிகள் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையானார்கள். விடுதலையானவர் பேசச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளில் இரண்டு தரப்பும் ஒரே சந்தைக்கு, ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். உங்கள் வீடியோ வெளியான மறுநாள் அந்த பஸ்ஸில் யார் தலை குனிய வேண்டியிருக்கும் என்று பாருங்கள்.

கேள்வி: கொலை நடந்தபோது அவனுக்கு 17 வயது. இப்போது 21. முகத்தை மறைத்துப் போடலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு பெயர், முகவரி, பள்ளி மட்டுமல்ல, அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கினாலும் குரல் காட்டிக்கொடுக்கும், அம்மாவின் முகம் காட்டிக்கொடுக்கும். சின்ன ஊரில் ‘அந்தக் கேஸ்’ என்றாலே போதும்.

கேள்வி: போலீஸ் வந்து முழு ரெக்கார்டிங்கையும் கேட்டால்?
– வாசகர், மதுரை

பதில்: பி.என்.எஸ்.எஸ். 94படி எழுத்து மூலம் கேட்கலாம், கொடுக்க வேண்டியிருக்கும். பத்திரிகைக் கவுன்சில் சட்டத்தில் செய்தி தந்தவரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இருப்பது அந்தக் கவுன்சில் முன்னால் மட்டும்தான். ஆகவே ‘உயிரே போனாலும் சொல்லமாட்டோம்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

எடுத்த மெமரி கார்டை ஃபார்மேட் பண்ணாமல் உறையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். அன்றைக்கே இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல், மூலக் கோப்பு மாறவில்லை என்று காட்ட எஸ்.எச்.ஏ.-256 ஹாஷ் எண், கேமராவின் சீரியல் நம்பர். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் இதையெல்லாம் கேட்கும். பேட்டியில் உள்ளதும் வெளியில் வந்ததும் வேறுவேறு என்று ஒரு தரப்பு சொல்லும்போது, வெட்டாத மூலம் இல்லாவிட்டால் மாட்டுவது எடிட்டர்தான்.

கேள்வி: பேட்டிக்கு 20,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– முதலில் கேட்ட செல்லூர் வாசகர்

பதில்: அப்பவே நினைத்தோம். கீஃப் டி விஷயத்தில் 2024இல் 7,50,000 டாலர் ஜாமீனுக்கு ஒரு ராப் இசை நிர்வாகி பணம் கட்ட முன்வந்தார். கதையை விற்று லாபம் பார்க்கும் ஏற்பாடோ என்ற சந்தேகம் தீராததால் நீதிபதி அதை ஏற்கவில்லை. காசு கைமாறினால் சொல்கிறவர் கதையைக் கூட்டுவார், கேட்கிறவர் கேள்வியைக் குறைப்பார். அந்த வீடியோவுக்கு விளம்பரத்தையும் அணைத்துவிடுங்கள். பஸ் செலவு, டீ, இரண்டு வடை கொடுக்கலாம். அதற்கு அவர் வரமாட்டேன் என்றால், பீட் போடுகிற பையன்கள் யாராவது காத்திருப்பார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள்.