'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' ப்ளூ-ரேயில் படமும் ஒலியும் எப்படி?
1935-இல் வந்த கருப்பு-வெள்ளைப் படம் என்று தயங்க வேண்டாம், படம் நன்றாகவே இருக்கிறது. அரக்கனுக்காக உருவாக்கும் மணப்பெண்ணுக்கு உயிரூட்டும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். சாய்ந்த கோணங்கள், கீழிருந்து முகத்தில் விழும் வெளிச்சம், மின்பொறி. கருப்பு ஆழமாக இருந்தால்தான் இதெல்லாம் எடுபடும். பொடிப்பொடியாகத் தெரிவது ஃபிலிமின் இயல்பான துகள், குறையல்ல. அதைத் துடைத்தால் முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும். டிவியின் பட அமைப்பில், துகளைத் துடைக்கும் இரைச்சல் குறைப்பையும் (noise reduction) ஷார்ப்னஸையும் குறைத்துவிடுங்கள். இருபக்கமும் கருப்புப் பட்டை வருவதும் சரிதான், படத்தின் அகல-உயர விகிதமே 1.37:1, அகலத்திரை டிவியைவிடக் குறுகியது.

ஒலியா? மோனோதான், அதாவது ஒரே தட ஒலி. ஒலியை ஃபிலிமின் ஓரத்திலேயே ஒளித்தடமாகப் பதியும் அந்தக் காலத்து ஒளிவழி ஒலிப்பதிவில் அடித்தொனி குறைவு, உச்சத்தில் லேசாகக் கரகரக்கும். ஆனாலும் ஃபிரான்ஸ் வாக்ஸ்மன் இசைக்காகவே சத்தத்தைக் கூட்டலாம்.